ஐயங்களை வரவேற்கும் ஐயாதுரை

"மாணாக்கர் எழுப்பும் ஐயங்களை முகமலர்ச்சியோடு வரவேற்று, அவை தீரும்வரை அயராது விளக்கும் பொறுமையின் உறைவிடமே!" என்று தொடங்கும் வாழ்த்து மடலின் கண்ணாடியை ஐயாதுரை தினமும் காலையில் ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைக்கிறார். துடைத்துவிட்டுத் திரும்பும்போது முதல் பெஞ்சில் எவனாவது ஒருவன் கையைத் தூக்கிக்கொண்டிருப்பான்.

"கையக் கீழ போடு."

"இல்ல சார், நேத்துப் போட்ட கணக்குல ஒரு..."

"ஏலே, கேள்வி பேப்பர்ல வரும். ஏங்கிட்ட வரக்கூடாது. கைய மொதல்ல கீழ போடு."

பையன் கையைக் கீழே போடுகிறான். மடல் பளபளக்கிறது. வகுப்பு தொடங்குகிறது.

இராஜபாளையத்தில் பஞ்சு மார்க்கெட்டை ஒட்டிய சந்தில், பேண்டேஜ் துணி அடுக்கும் கிட்டங்கி ஒன்றின் மாடியில் நடக்கிறது அவருடைய 'ஜோதி போட்டித் தேர்வு மையம்'. வங்கி, ரயில்வே, இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அங்கே பயிற்சி உண்டு. கீழே துணி வெளுத்த மருந்து வாடை, மேலே சாக்பீஸ் தூள். படித்து வேலைக்குப் போனவர்கள் பல வருஷம் கழித்தும் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் கணக்கு ஞாபகம் வருகிறது என்கிறார்கள். வாசல் பலகையில் அவர் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்ஸி. என்று இருக்கிறது. அதில் இரண்டு பேப்பர் இன்னும் பாக்கி என்பது ஊரில் பலருக்குத் தெரியும். ஆனால் யாரும் கேட்பதில்லை. கேள்வி கேட்டால் அவருக்குப் பிடிக்காது.

வாழ்த்து மடல் வியாபாரிகள் சங்கம் கொடுத்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஐயாதுரையை அவர் கண்ணால் கண்டதில்லை. காணாதவர் எழுதினால்தான் இப்படி எழுத முடியும். ஏற்பாடு செய்தவர் கிட்டங்கிக்கும் மாடிக்கும் சொந்தக்காரரான சங்கரலிங்கம். 'பொறுமையின் உறைவிடம்' என்பதைப் படித்துவிட்டு ஒருவர் அவரிடம் சிரித்தபோது, "நாம நெய்யிற துணி மாதிரித்தான்யா அதுவும். வெள்ளையாச் சுத்திவிட வேண்டியது. உள்ள என்ன புண்ணுன்னு யாரு பிரிச்சுப் பாக்கா?" என்றார்.

ஐயாதுரை உடுத்துவது வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. சாக்பீஸ் தூள் பட்டால் தெரியக்கூடாது, அதற்காக என்று சொல்வார். சாக்பீஸையோ ஒரு காகிதத்தில் சுருட்டித்தான் பிடிப்பார், விரலில் ஒட்டக்கூடாதாம். சட்டைப் பையில் இரண்டு முனையும் சீவிய பென்சில். கழுத்தில், ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் ஒருவரிடம் வாங்கிய ஸ்டாப் வாட்ச். கணக்கை அவர் கணக்கு என்று சொல்வதில்லை, உருப்படி என்பார்.

"ஒரு உருப்படிக்கு ஆயுசு நாப்பது செகண்டு. அதுக்குள்ள முடியலையா, அது பொணம். பொணத்தைக் கட்டிப் பிடிச்சு அழுதுக்கிட்டு இருக்கக்கூடாது. தாண்டிப் போயிக்கிட்டே இருக்கணும்."

இதைச் சொல்லும் மனிதர் சாயங்காலம் வெண்டைக்காய் வாங்கும் அழகைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு காயாக நுனியை ஒடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி கூறில் போட்டு, மறுபடி எடுத்து... "சாருவாளுக்காகப் பந்தல் போட்டு வளத்துக் கொண்டாந்து தரவா? எடுத்தா எடுங்க, கடையக் கட்டணும்" என்று கடைக்காரம்மா குரல் உயர்த்திய பிறகே பை திறக்கும்.

பள்ளிக்கூட வாத்தியார்களை அவருக்குக் கண்டால் ஆகாது. "அவிய நிரூபிச்சுக்கிட்டே இருப்பாக. நிரூபிச்சவனுக்கு மார்க்கு கெடையாது, வட்டத்தைக் கறுப்படிச்சவனுக்குத்தான் மார்க்கு" என்பார். கொள்குறித் தேர்வு என்ற ஏற்பாடே தன் போன்றோருக்காக உண்டானது என்பது அவர் எண்ணம். நான்கு விடைகளையும் அவர்களே எழுதித் தந்துவிடுகிறார்கள். ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். ஏன் அதைத் தொட்டாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்பதைவிட உயர்ந்த குணம் ஒரு தேர்வுக்கு இருக்க முடியுமா?

விடை தெரியாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் சட்டம் உண்டு. "மூணாவதைக் கறுப்படி. யோசிக்காத. மொதல்ல வச்சா எல்லாவனும் கண்டுபிடிச்சிருவாம்னு கேள்வி எடுக்கிறவனுக்குப் பயம். கடைசில வச்சா ரொம்பத் திருட்டுத்தனமாத் தெரியும். மூணாவதுலதான் ஒளிச்சு வைப்பான்." இந்த நம்பிக்கை அவருக்குள் எவ்வளவு ஊறியிருக்கிறது என்றால், ஓட்டலில் சர்வர் ஒப்பிக்கும் பட்டியலிலும் மூன்றாவதைத்தான் கேட்பார். "இட்லி இருக்கு, பொங்கல் இருக்கு, ஆறிப்போன பூரி இருக்கு" என்று சர்வர் மனசாட்சியோடு சொன்ன ஒருநாளும் பூரிதான் தின்றார்.

மையத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பாடம் அசமன்பாடு. வேறு ஊர்களில் அதைத் தொடாமல் தாண்டிவிடுவார்கள். விஷயம் பெரிய மலையொன்றும் இல்லை. சமன்பாட்டில் இரண்டு பக்கமும் ஒன்று. அசமன்பாட்டில் ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. எந்தெந்த எண்களுக்கு அது அப்படி இருக்கும் என்று வேலி போட்டுக் காட்ட வேண்டும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: குறை எண்ணால், அதாவது மைனஸால், இரண்டு பக்கமும் பெருக்கினால் பெரிது சிறிதாகும், சிறிது பெரிதாகும். மூன்று இரண்டைவிடப் பெரிது; மைனஸ் மூன்று மைனஸ் இரண்டைவிடச் சிறிது. ஆகவே நடுவிலுள்ள குறியைத் திருப்பிப் போட வேண்டும்.

ஐயாதுரை அந்தக் குறியை ஒரு கண் வைத்துக் காக்கை அலகாக வரைவார். "காக்கா வாயி. பெரிசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தெறக்கும். மைனஸ் வந்தா காக்கா திரும்பும்."

"ஏன் சார் திரும்புது?"

"திரும்பும்."

அந்தப் பாடத்தின் உச்சியில் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் 'கீழ இருக்கிறவனைத் தூக்கு'. பலகையில் 6/x < 2 என்று எழுதுவார். ஆறை எக்ஸால் வகுத்தால் இரண்டைவிடக் குறைவு. அப்படியானால் எக்ஸ் எது? கீழே இருக்கும் எக்ஸைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தால் ஆறு, இரண்டு எக்ஸைவிடக் குறைவு. ஆக எக்ஸ் மூன்றைவிடப் பெரிது. ஸ்டாப் வாட்சை அமுக்கி, "நாப்பதுல பாதிகூட ஆகலை!" என்று வாட்சை வகுப்புக்குக் காட்டுவார். பையன்கள் வாயைப் பிளப்பார்கள். சோலைராஜ் என்று ஒரு பையன் இருந்தான். சார் எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவதில் கெட்டிக்காரன். அவன் கைதட்டவே செய்தான்.

கைதட்டல் ஓய்ந்த இடத்தில்தான் அன்று பரிபூரணம் எழுந்து நின்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. இராஜபாளையத்தில் ஒரு மில் ஆபீசில் டைப் அடித்துவிட்டு, மாலை வகுப்புக்கு வந்து, எட்டு மணி பஸ்ஸில் திரும்பிப் போகிறவள். வங்கி அதிகாரித் தேர்வை முன்பே எழுதி எழுதித் திரும்பியவள். வருகிற தேர்வுதான் அவளுக்குக் கடைசி. அதற்கப்புறம் வயது வரம்பு தாண்டிவிடும், விண்ணப்பம்கூட வாங்க முடியாது. அது வகுப்புக்கே தெரியும், அவளே சொல்லியிருந்தாள். ஆகவே அவள் கேட்டது விளையாட்டுக்கு அல்ல.

"கீழ இருக்கிற எக்ஸு மைனசா பிளஸ்ஸான்னே தெரியாது. தெரியாம எப்படி சார் தூக்கி வைக்கிறது? மைனசா இருந்தா காக்கா திரும்பணும்ல?"

ஐயாதுரை பலகையைப் பார்த்தார். அந்தக் கேள்வி இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவருக்குள்ளிருந்து வந்ததில்லை. தனக்கு வராத கேள்வி இன்னொருவருக்கு வருவதை அவர் ஒழுக்கக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்.

"ஏம்மா பரிபூரணம், எக்ஸுக்கு ஜாதகம் பாக்கியா? மைனஸா பிளஸ்ஸான்னு பொருத்தம் பாத்து, நாள் குறிச்சு, பொறவுதான் தூக்குவியோ? பாக்க வேண்டிய ஜாதகத்தை வீட்ல பாருங்கம்மா. இங்க நாப்பது செகண்டுதான்."

வகுப்பு சிரித்தது. சோலைராஜ் பெஞ்சைத் தட்டிச் சிரித்தான். பரிபூரணம் சிரிப்பு அடங்கட்டும் என்று நின்றாள். பிறகு, "மைனஸ் ஒண்ணைப் போட்டுப் பாருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

அவர் போட்டுப் பார்க்கவில்லை. பலகையை அழித்தார். கண்டுபிடிப்பு சாக்பீஸ் தூளாகக் கீழே விழுந்தது. ஆனால் அதற்குள் எல்லோருடைய மண்டையிலும் ஏறியிருந்தது.

மையத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. வங்கித் தேர்வில் வினாத்தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். ஒரு துண்டுக் காகிதம் வெளியே வராது. ஆகவே தேர்வுக்கு முந்தின வாரம் ஐயாதுரை சுமை பிரிப்பார். ஆளுக்கு இரண்டு கேள்வி எண். அந்த எண்ணில் என்ன கேள்வி இருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் மண்டையில் ஏற்றி வெளியே கொண்டுவர வேண்டும். சேர்த்துக் கோத்து, விடையும் போட்டு, 'தேர்வில் கேட்கப்பட்டவை' என்ற தலைப்பில் ஸ்டென்சில் மெழுகுத்தாளில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் படி எடுத்து, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகமாகக் கொடுப்பார். அக்கம்பக்கத்து ஊர்களில் அதற்கு மதிப்பு அதிகம். தேர்வு நடத்துகிறவர்களிடம்கூட அவ்வளவு வருஷத்துக் கேள்விகள் இருக்காது என்று பேசிக்கொள்வார்கள்.

"மனப்பாடம் பண்ற நேரத்துல இன்னும் நாலு கணக்குப் போடலாமே சார்" என்று யாராவது முனகினால் பதில் தயார்.

"நீ எழுதுறது உனக்கு. நீ கொண்டு வாரது சென்டருக்கு."

தேர்வு மதுரையில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூட கேட்டுக்கு எதிரே, இளநீர் வண்டி நிழலில், அட்டையும் பென்சிலுமாக ஐயாதுரை நின்றார். உள்ளே மூன்று மணி நேரம் வெந்து வெளியே வந்த பிள்ளைகள் பைப்பைப் பார்த்து ஓடினார்கள்.

"தண்ணி குடிக்காத! குடிச்சா கேள்வி உள்ள போயிரும். சொல்லிட்டுக் குடி!"

ஒவ்வொருவராக வந்து ஒப்பித்தார்கள். பாதி பேருக்குக் கேள்வி பாதிதான் வந்தது. பரிபூரணத்தின் முறை வந்தது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டைப் அடிப்பதுபோலத் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

"எக்ஸ் என்பது பூஜ்யமல்லாத மெய்யெண். ஆறின் கீழ் எக்ஸ், ரெண்டை விடக் குறைவு எனில் எக்ஸ் எது? ஒண்ணாவது, மூணை விடப் பெரிசு. ரெண்டாவது, மூணை விடச் சிறிசு. மூணாவது, மூணை விடப் பெரிசு, அல்லது பூஜ்யத்தை விடச் சிறிசு. நாலாவது, பூஜ்யத்துக்கும் மூணுக்கும் நடுவுல."

ஐயாதுரையின் பென்சில் நின்றது. முகம் மலர்ந்தது, மடலில் சொல்லியிருக்கும் அந்த முகமலர்ச்சியை அவருடைய மாணவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

"நம்ம உருப்படி! நான் போட்ட உருப்படியவே கேட்டிருக்காம்லே! எல்லாரும் ஒண்ணாவதுதான?"

"ஆமா சார்!" என்று இளநீர்க்காரர் திடுக்கிடும்படி ஒரே குரலாகச் சொன்னார்கள்.

"நான் மூணாவது போட்டிருக்கேன் சார்" என்றாள் பரிபூரணம்.

"ஏன், தெரியலைன்னு மூணாவதைக் கறுப்படிச்சியா?"

"தெரிஞ்சுதான் சார் போட்டேன்."

"போச்சு! சரியாப் போட்டா வர்ற ஒரு மார்க்கும் போச்சு, தப்புக்குப் பிடிக்கிற கால் மார்க்கும் போச்சு. கடைசித் தடவை எழுதப் போயி, அங்க உக்காந்து புது விஞ்ஞானம் கண்டுபிடிச்சிருக்கு புள்ள."

"அக்கா ஜாதகம் பாத்துப் போட்டிருப்பாக சார்" என்றான் சோலைராஜ். மறுபடி சிரிப்பு.

சிரிப்புக்குப் பின்னாலிருந்து ஆவுடையப்பன் என்ற பையன் மெதுவாகச் சொன்னான், "நானும் மூணாவதுதான் சார். எனக்குத் தெரியலை. அதான்." அசமன்பாடு நடந்த வாரம் பூராவும் அவன் அம்மை போட்டு வீட்டில் கிடந்தான். ஐயாதுரை அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். தெரியாததற்கு இவ்வளவு பரிவு. தெரிந்ததற்குத்தான் அவரிடம் மன்னிப்பு இல்லை.

ஊர் திரும்பும் பஸ்ஸில் ஐயாதுரை டிரைவருக்குப் பின் ஸீட்டில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பையன்கள் கடைசி ஸீட்டில் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். பரிபூரணம் ஜன்னலோரம், கண்ணை மூடியிருந்தாள், தூங்கவில்லை. திருமங்கலம் தாண்டியதும் அவருக்கு அந்த மைனஸ் ஒன்று ஞாபகம் வந்தது. வராமல் இருந்திருக்கலாம். அட்டைமேல் இருந்த தாளின் மூலையில் சின்னதாக எழுதினார். ஆறை மைனஸ் ஒன்றால் வகுத்தால் மைனஸ் ஆறு. மைனஸ் ஆறு, இரண்டைவிடக் குறைவா?

குறைவு.

கணக்குக்கு நாற்பது வினாடியில் ஒரு துளிதான் செலவாயிற்று. நம்ப முடியாமல் மைனஸ் இரண்டைப் போட்டார். மைனஸ் மூன்று, குறைவு. மைனஸ் மூன்றைப் போட்டார், மைனஸ் ஆறைப் போட்டார். ஒரு குறை எண்ணாவது தன் பக்கம் பேசாதா என்று, வெண்டைக்காயின் நுனியை ஒடிப்பதுபோல ஒவ்வொன்றாக ஒடித்துப் பார்த்தார். எல்லாம் அந்தப் பெண்ணின் பக்கமே நின்றன. எக்ஸ் மிகை எண்ணாக, வெறும் பிளஸ்ஸாக மட்டும் இருந்திருந்தால் அவருடைய ஒண்ணாவது விடையே சரி. ஆனால் கேள்வி அப்படிச் சொல்லவில்லை. பூஜ்யமல்லாத மெய்யெண் என்றுதான் சொல்லியிருந்தது; அவள் வாயால் வந்ததை அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். மையத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் தப்பு. கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் தப்பு. கேள்வி கேட்டவளும் அம்மை போட்டுக் கிடந்தவனும் சரி.

அவரை அதிகம் உறுத்தியது எது என்று நினைக்கிறீர்கள்? பிள்ளைகளின் மார்க்கு அல்ல. விடை மூணாவதில் இருந்தது. பாடமே நடத்தாமல் சட்டத்தை மட்டும் சொல்லி அனுப்பியிருந்தால் மொத்தக் கூட்டமும் தேறியிருக்கும்.

கிருஷ்ணன்கோவிலில் பஸ் டீக்கு நின்றது. தாளின் அந்த மூலையைக் கிழித்து ஜன்னல் வழியே போட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தது. இறங்க எழுந்த பரிபூரணம் அவர் ஸீட்டருகே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"சார், அது நெசமாவே தப்பா? அந்த ஒண்ணுல போயிருமா? இதோட எனக்கு அம்புட்டுதான் சார். ஒரு வார்த்தை சொல்லிட்டிங்கன்னா நிம்மதியாப் போயித் தூங்குவேன்."

சரி என்று சொல்ல இரண்டு எழுத்து. கடைசி ஸீட்டில் சோலைராஜ் கும்பல் பாட்டை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரிசல்ட்டு வரட்டும்மா. பாப்பம்" என்றார் ஐயாதுரை. கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் இறங்கிப் போனாள். ரிசல்ட் வர மாதக்கணக்கானது. அத்தனை நாளும் அவள் என்ன தூக்கம் தூங்கினாளோ.

ரிசல்ட்டில் பரிபூரணத்தின் எண் இருந்தது. சோலைராஜின் எண் இல்லை. கையில் வேலை இல்லாத சோலைராஜுக்கு ஐயாதுரை மையத்திலேயே வேலை கொடுத்தார். இப்போது அசமன்பாடு எடுப்பவன் அவன்தான். காக்கைக்கு இரண்டு கண் வரைகிறானாம்.

ரிசல்ட் வந்த மறு வாரமே பிட் நோட்டீஸ் வந்துவிட்டது. நடுவில் பரிபூரணத்தின் படம். விண்ணப்பத்துக்கு எடுத்த, முறைத்துப் பார்க்கும் படம். மேலே, 'எங்கள் தயாரிப்பு'. கீழே, 'சந்தேகங்களைத் தயங்காமல் கேட்டு வெற்றி பெற்ற மாணவி'. அந்த வரியை எழுதியவர் ஐயாதுரையேதான், பொய் ஒன்றும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரைக்கும் ஒட்டினார்கள்.

வேலையில் சேரும் முன் பரிபூரணம் மாடிக்கு வந்தாள். கையில் பால்கோவா. பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள், உட்காரவில்லை.

"கோவில்பட்டில போட்டிருக்காங்க சார். சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். இன்னொண்ணும் கேக்கணும்."

"கேக்கிறதுக்கா உனக்குச் சொல்லித் தரணும்?"

"செல்லக்கனி, என் தங்கச்சி, உங்ககிட்டதான் சேந்திருக்கா. எங்கம்மா நோட்டீசுல என் மூஞ்சியப் பாத்துட்டுக் கொண்டாந்து விட்டுட்டாங்க, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம. அவ 'தேர்வில் கேட்கப்பட்டவை'ய வச்சுப் படிக்கா. அதுல அந்தக் கணக்குக்கு ஒண்ணாவதுன்னு போட்டிருக்கிங்க. மூணாவதுடின்னு நான் சொன்னா, சாரு போட்டிருக்காரு, நீ என்ன பெரிய இவளாங்கிறா. நீங்க மாத்துனாத்தான் சார் மாறுவா. அவளும் அங்க போயி அதையே போடுவா. அவ மட்டுமில்ல, பின்னால வாரவுக எல்லாரும்."

"மாத்திருவோம்."

"எப்ப சார்?"

"அடுத்த ஸ்டென்சில்ல மாத்திருவோம்னேன்ல? ஆபீசராயும் ஒன் கேள்வி கேக்கிற புத்தி போகலையே, தாயி."

"கண்டிப்பா மாத்துவிங்களா?"

"கணக்கைச் சரி பண்ணிருதேன், போதுமா?" என்று அவர் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்தார்.

அவள் நம்பினாள். முகத்தில் அது தெரிந்தது. போகிறபோது வாழ்த்து மடலுக்கு முன் செத்த நேரம் நின்று முதல் வரியைப் படித்தாள். படியிறங்கும்போது கீழே துணி எண்ணிக்கொண்டிருந்த சங்கரலிங்கம் எழுந்து வழிவிட்டார். பிறகு மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"என்னய்யா, மேல வந்து என்ன சொல்லிட்டுப் போகுது அந்தப் பிள்ள?"

"நன்றி சொல்லிட்டுப் போகுது."

"ஒம்மகிட்டயா?"

ஐயாதுரையின் வாயில் பால்கோவா.

மறுநாள் காலையில் ஐயாதுரை மடலின் கண்ணாடியை ஈரத்துணியால் ஒருமுறை, உலர்ந்த துணியால் ஒருமுறை துடைத்தார். மேசையில் புதிய பதிப்பின் ஸ்டென்சிலை விரித்தார். எழுத்துப் பிழைகளை மூடும் சிவப்புத் திரவத்தின் மூடியைத் திறந்து, அதன் சின்னத் தூரிகையால் ஒரு வரியின்மேல் பூசி, காயும்வரை ஊதினார். காய்ந்ததும் ஊசிப் பேனாவால் மேலே புதிதாக எழுதினார். சோலைராஜ் எட்டிப் பார்த்து, "என்ன சார் மாத்துறிங்க?" என்றான். "கையக் கீழ போடு" என்றார், அவன் கையைத் தூக்கியிருக்கவில்லை என்றாலும்.

அவர் பூசி மறைத்தது கேள்வியின் முதல் வரியை. 'எக்ஸ் என்பது பூஜ்யமல்லாத மெய்யெண்' என்று இருந்த இடத்தில் 'எக்ஸ் என்பது ஒரு மிகை எண்' என்று எழுதினார். விடையை அவர் தொடவில்லை.